இரட்டைக் கோடு

பழைய அரண்மனை எரிந்துபோனது. இன்று மண்டலேயில் நிற்பது
சிமெண்டும் தகரமும் சிவப்புச் சாயமும்.
ஆனாலும் வழிகாட்டிப் பையன் குரலைத் தாழ்த்தித்தான் பேசினான்,
உள்ளே யாரோ தூங்குவதைப்போல.

ராஜா தன் அப்பாவின் இன்னொரு ராணி பெற்ற பெண்ணைத்தான்
பட்டத்துக்கு எடுப்பார்.
வெளி ரத்தம் அரியணை ஏறக்கூடாது.

சீ, தங்கச்சியையா, என்றாள் ரங்கூன் அத்தை.
மோல்மேன் சகலை வெற்றிலையைத் துப்ப இடம் தேடினார்.
எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தவர் என் வீட்டுக்காரர்,
என் அம்மாவின் தம்பி.

இவர் மடியில் உட்காரவைத்துத்தான்
எனக்குக் காது குத்தினார்கள்.
இவருக்கு அப்போது பதினான்கு வயது.
நான் அலறியதில் இவர் வேட்டி நனைந்த கதையைக்
கல்யாணப் பந்தியிலும் சொல்லிச் சிரித்தார்கள்.

அப்படி என்ன சாம்ராஜ்யம் எங்களுக்கு?
பஜாரில் ஒன்றரைத் துணிக்கடை.
அரை ஏனென்றால், மறுபாதி கோர்ட்டில்.
அது கைமாறக்கூடாதென்று
தாத்தா அக்கா மகளை எடுத்தார்,
அப்பா அத்தை மகளை.
என் முறை வந்தபோது ஜாதகம்கூடப் பார்க்கவில்லை.
ஒரே பெட்டி, ஒரே பூட்டு.

தீரிக்கு நான்கு வயதில்
ஆஸ்பத்திரியில் டாக்டர் டா நீலா வெ
சதுரமும் வட்டமுமாக எங்களைத் தாளில் வரைந்தாள்.
மற்ற தம்பதிகளுக்கு நடுவே ஒரு கோடு. எங்களுக்கு இரண்டு.
ரங்கூன் தண்டவாளம் மாதிரி இருக்கே, என்றார் இவர்.
டாக்டர் சிரிக்கவில்லை.
கீழே கடைசியாக இருந்த வட்டத்துக்குள்
மை தீட்டிக்கொண்டே இருந்தாள்.

ராஜா வீட்டுப் பிள்ளைகள் எப்படிப் பிறந்தன, பையனிடம் கேட்டேன்.
அதையெல்லாம் சுவடியில் எழுதமாட்டாங்க அக்கா,
எழுதினவன் தலை போயிடும்.

எங்கள் வீட்டிலும் எழுதுவதில்லை.
தாத்தாவின் தம்பிக்கு ‘பேச்சு கம்மி’.
பெரியம்மா மகன் ‘சாமி பிள்ளை’.
பிறந்து மூன்றாம் நாள் போனதற்கெல்லாம்
‘கண்ணு பட்டிருச்சு’.

அரியணை வெறும் நகல். கயிறு கட்டியிருந்தார்கள்.
தீரி அதன் அடியில் நுழைந்து, ஏறி, உட்கார்ந்துவிட்டாள்.
பையன் கத்தினான். அத்தை, சகலை, இவர்,
எல்லாரும் சேர்ந்து அவள் பெயரைக் கத்தியதில்
கூரைத் தகரத்திலிருந்து புறாக்கள் கிளம்பின.

அவள் காலாட்டிக்கொண்டு,
செவிடர் பள்ளியில் கற்ற கையால் என்னைக் கேட்டாள்:
இது யார் வீடு? எல்லாரும் எங்கே?

இவர் அபராதத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

தீரிக்குக் காது குத்தியது என் தம்பி மடியில்.
மாப்பிள்ளை இப்பவே தயார், என்று
யாரோ சொல்லக் கூட்டம் சிரித்தது. நானும்தான்.

குனிந்து பார்த்தேன். இடது தோட்டின் திருகாணி கழன்றிருந்தது.
அதைத் திருகி மூடாமல்
தோட்டைக் கழற்றிக் கைப்பையில் போட்டேன்.