திங்கட்கிழமை வரைக்கும்

வெள்ளிக்கிழமை பாசி எடுக்கப் போனபோதே
மூன்றாம் முங்கில்
கண்ணாடி முகத்தை இறுக்கியதும்
கீழ்க் கடைவாய்ப்பல்லில்
யாரோ உள்ளேயிருந்து ஒருதரம் தட்டினார்கள்.
பாறை இடுக்கில் கைநிறைய மரிக்கொழுந்துப் பாசி.
விட்டுவர மனசில்லை.
இன்னும் ஏழு முங்கு முங்கினேன்.

சனிக்கிழமை கன்னம்
பேத்தை மீன் மாதிரி உப்பிவிட்டது.
காதுக்குக் கீழே ஒரு நாடி
என்னைக் கேட்காமல் தனியாகத் துடித்தது.
வலைக்குப் போகுமுன் அவர்
டார்ச் அடித்துப் பார்த்தார்,
இன்ஜினைப் பார்ப்பதுபோலவே.
"கருப்பா ஒரு ஓட்டை தெரியுது."
அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லாமல்
டார்ச்சை அணைத்துக்கொண்டு
கடலுக்குப் போய்விட்டார்.

பல் டாக்டரம்மா ராமநாதபுரத்தில்.
திங்கள் காலை பத்து மணி.
போன் எடுத்த பிள்ளை
"அதுவரைக்கும் சமாளிச்சுக்குங்க" என்றது.
எதைப் பிடித்துச் சமாளிப்பது
என்று கேட்பதற்குள் வைத்துவிட்டது.

வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி
என்றாள் நம்புக்கனி.
முப்பது வருசமாக
இந்த வாய் வேறென்ன செய்தது?
மன்னார்க் கடலில் பாதியை
நான் கொப்பளித்துத் துப்பியிருக்கிறேன்.
இருந்தாலும் கொப்பளித்தேன்.
கடல் குளிரும். இது இளஞ்சூடு.
அரைமணி நேரம் நல்லபேர் வாங்கியது.

கிராம்பு வைத்துக் கடித்தேன்.
நாக்கு மரத்தது, பல் மரக்கவில்லை.
பிராந்தி நனைத்த பஞ்சு,
யார் வீட்டுக் குப்பி என்று கேட்கக்கூடாதென
சத்தியம் வாங்கிக்கொண்டுதான் தந்தாள்.
புகையிலை அடக்கச் சொன்ன இன்னொருத்தியைக்
கையசைத்தே அனுப்பினேன்.
பேசினால் காற்றுப் போகும்.

மெடிக்கல் இபுராம்ஷா
காய்ச்சல் மாத்திரை நாலு எண்ணிக் கொடுத்தான்.
சீட்டு இல்லாமல் வேறெதுவும் தரமாட்டானாம்.
"முழுங்க முடியலைன்னாலோ
மூச்சு முட்டினாலோ
திங்கக்கிழமையெல்லாம் பாக்காதக்கா,
ராத்திரியே பெரியாஸ்பத்திரிக்குப் போயிரு."
தலையாட்டினேன்.
மூச்சைப் பற்றி என்னிடம் சொல்கிறான்.

ஞாயிறு ராத்திரி
படுத்தால் உடம்பு ரத்தமெல்லாம்
அந்த ஒரு பல்லுக்கே ஓடுகிறது.
சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.
ஐஸ் கம்பெனியில் உடைந்து விழுந்த துண்டு
துணியில் சுற்றிக் கன்னத்தில்.
மீன் கெடாமலிருக்க வைப்பது.

எண்ணிப் பழகியவள் நான். எண்ணினேன்.
முங்கினால் நாற்பது வரை ஒன்றுமில்லை,
அறுபதில் நெஞ்சு கேட்கும்,
எழுபதில் கடலே மேலே தள்ளிவிடும்.
இங்கே எண்ணூறு தாண்டியும்
தலை தூக்கும் இடம் வரவில்லை.

நடுச்சாமத்தில் ஒரு கோபம் வந்தது.
யார்மேல் என்று தெரியவில்லை.
கொடியில் காய்ந்த அவர் கைலியை
இழுத்துக் கீழே போட்டேன்.
கொஞ்ச நேரம் கழித்து
எடுத்து மடித்து வைத்தேன்.

திங்கள் காலை பாம்பனில் பஸ் ஏறி
ஜன்னலோரம் உட்கார்ந்ததும்
நின்றுவிட்டது.
சுத்தமாக.
பாயைச் சுருட்டி வைத்துவிட்டுச்
சொல்லாமல் போன விருந்தாளி மாதிரி.
நாக்கால் தொட்டுப் பார்த்தேன்.
நல்ல பிள்ளையாக இருந்தது.

மடியில் ஆயிரத்து இருநூறு.
நாலு நாள் பாசி.
அரிசிக்கடையில் பாக்கி.
இன்றைக்கு வத்தம் வேறு, தண்ணி தெளிவாகக் கிடக்கும்.
மண்டபத்தில் இறங்கி
எதிர் பஸ்ஸைப் பிடித்தால்
பத்து மணிக்குள் தண்ணியில் இருக்கலாம்.

பஸ் பாலத்தில் ஏறியது.
இரண்டு பக்கமும் கடல்.
என் ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை.
கண்டக்டர் வந்து
"எங்கம்மா?" என்றார்.

"மண்..." என்று வாயைத் திறந்தேன்.
வாடைக்காற்று
நேரே அந்த ஓட்டைக்குள் போனது.

கன்னத்தைப் பொத்திக்கொண்டு
நோட்டை நீட்டினேன்.
"ராம்நாடு ஒண்ணு."