மறுகா

பதினான்கு மாதம் என் பெயர் கேதீசன்.
ஊர் உரும்பிராய்.
ஒழுங்கை, கிணறு, ஷெல்லில் செத்த தமையன்
எல்லாம் கோப்பில் தட்டச்சாகியிருந்தன.
பாடமாக்கி ஹெலனிடம் ஒப்புவித்தேன்.
"கிணற்றுத் தண்ணீர் உப்பா?" என்றாள்.
அதைக் கோப்பில் யாரும் எழுதவில்லை.
நல்ல தண்ணீர் என்றேன்,
குடித்தவன்போல.

ஒரு சொல்லை மட்டும் விழுங்கப் பழகினேன்.
வாவிக்கரையில் பிறந்த நாங்கள்
மூச்சுக்கு மூச்சு சொல்வது.
பேந்து எண்டு சொல்லு,
பிறகு எண்டு சொல்லு,
சவரக் கண்ணாடிக்கு முன்னால்
என் நாக்குக்கு நானே காவல்.

தோர்ன்டன் ஹீத். கோழிக்கடைக்கு மேலே
எண்ணெய் மணக்கும் இரண்டாம் மாடி.
காட் அடிப்பதை
'பால் கறக்கிறது' என்பார் நேசனண்ணை.
பெற்றோல் செட்டில் இரவு நிற்கும் பெடியனுக்கு ஐம்பது பவுண்,
தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புச் சாமான்,
நாலாம் பம்பில் கார் நிறுத்திய யாரோ ஒருத்தியின்
நாலு இலக்கம்.
விடியுமுன் அது காசு.

எண்ணுவது என் வேலை.
இருபது இருபதாய் ரப்பர் போடுவேன்.
சட்டையின் இரண்டாவது பொத்தானும்
என்னோடு சேர்ந்து எண்ணும்.

சுபோதரனைக் கொண்டுவந்த அன்று
அயன்பொக்ஸ் சூடாகும்வரை
எல்லோரும் கிறிக்கட் பார்த்தோம்.
நானும் பார்த்தேன்.
ஆறு விக்கெட்டுக்கு நூற்றி எழுபத்திரண்டு என்று
அறிக்கையில் எழுதினேன்.
ஹெலன் அந்த வரியை வெட்டிவிட்டாள்.

மாசியில் ஒருநாள், பேர்லி வீதியில்
ஹீட்டர் வேலை செய்யாத வானுக்குள்
அவர் கேட்டார்:
"எப்ப தம்பி ஊருக்குப் போறாய்?"
பல் கிடுகிடுக்க நான் சொன்னேன்:
"இதை முடிச்சிட்டு மறுகா போவம் அண்ணை."

வைப்பர் ஒருதரம் போய் வந்தது.
இன்னொருதரம்.
சிவப்பு விளக்கில் நின்றோம்.
பச்சை விழுந்த பிறகும்
கொஞ்சம் நின்றோம்.
"டீ குடிப்பம்" என்றார்.

அன்றிலிருந்து அண்ணை காசைத் தொடவில்லை.
எனக்குப் பக்கத்தில் இருந்துதான் சாப்பிட்டார்.
தனக்கு மேலே இருப்பவர்களைப் பற்றி
நிறுத்தி நிறுத்திச் சொன்னார்,
சுருக்கெழுத்துக்காரிக்குச் சொல்வதுபோல்:
முழுப் பெயர், தெரு, கதவிலக்கம்,
வைப்பாட்டி வீட்டுக் காரின் நிறம்.
பொத்தான் நிறைந்தது.
யாருடைய மாடு என்று நான் கேட்கவில்லை.
எனக்குப் பதவி உயர்வு வரவிருந்தது.

பதினொரு பேர்.
பத்துப் பேருக்கு எதிராக மணிக்கணக்கில் பதிவு.
அவருக்கு எதிராக
ஒரு டீக்கடைப் பில்லும் என் வாக்குமூலமும்.

குறோய்டன் நீதிமன்றத்தில் எனக்குத் திரை கட்டினார்கள்.
என் குரலை மெஷினுக்குள் விட்டு
ஒரு கிழட்டுத் தவளையாக்கி வெளியே எடுத்தார்கள்.
பெயர் இல்லை. இலக்கம்தான்.
உரும்பிராயும் இல்லை, வாவியும் இல்லை.
சத்தியம் செய்தேன்.

கூண்டுக்குள்ளிருந்து, சத்தம் உயர்த்தாமல்,
வானுக்குள் பேசுகிற அதே குரல்:
"மறுகா சந்திப்பம், தம்பி."

நீதிபதி பேனாவை நிறுத்தினார்.
மொழிபெயர்ப்பாளர் திருச்சிக்காரி, நேர்மையானவள்.
கடைசிச் சொற்கள் 'சந்திப்போம், தம்பி',
முதற்சொல் தனக்கு விளங்கவில்லை,
ஒருவேளை யாரோ ஆளின் பெயராக இருக்கலாம் என்றாள்.
அப்படியே பதிந்தார்கள்.

அந்த அறையில்
அதை இங்கிலிஷில் சொல்லத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்.
ஒருவர் கூண்டில்.
மற்றவர் உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை என்று
அப்போதுதான் சத்தியம் செய்தவர்.

தண்ணீர் கேட்டேன்.