பன்னிரண்டாம் விலாவுக்குப் பக்கத்தில்

முத்துப்பேட்டை அறுப்புக் கொட்டகை, விடிகாலை நாலரை.
கோரையாற்றுக் காற்றில் உப்பு, சாணம், டீசல்.
நேற்று நான் கையெழுத்துப் போட்ட மூன்றும்
இன்று தலைகீழாகத் தொங்குகின்றன.

படிவத்தில் முதல் கட்டம்: இனம்.
தோல் போன பிறகு கேட்கிறார்கள்.
நெற்றிச் சுட்டி போயிற்று,
நாலு காலிலும் இருந்த வெள்ளை போயிற்று,
சூட்டுக்கோல் தழும்பு தோலோடு மடிந்து
உப்புக் குவியலுக்குள் கிடக்கிறது.

"கொழுப்பைப் பாருங்க டாக்டரம்மா"
என்கிறார் உதுமான் கனி, கத்தியைத் தீட்டியபடி.
"மஞ்சளா இருந்தா ஜெர்சிக் கலப்பு.
சுண்ணாம்பா இருந்தா எருமை.
கொழுப்பே இல்லேன்னா
நம்ம உம்பளச்சேரி."

பன்னிரண்டாம் விலாவுக்கும் பதின்மூன்றாம் விலாவுக்கும் நடுவே
குறுக்காக வெட்டச் சொல்லி
முதுகுத் தசையின் மேல் கண்ணாடித் தாளை ஒட்டி
ஓரம் விடாமல் பேனாவால் வரைகிறேன்.
கட்டம் கட்டமாய் எண்ணினால் பரப்பளவு வரும்.
ஜெர்சிக்குப் பெரிய வட்டம், எருமைக்குச் சுமார்.
உம்பளச்சேரிக்கு முப்பத்தெட்டுச் சதுர சென்டிமீட்டர்,
என் உள்ளங்கையே மறைத்துவிடும்.

ஆனால் ஜெர்சியின் சதை கறுத்திருந்தது.
தொட்டால் விரலில் பசைபோல ஒட்டியது.
பட்டுக்கோட்டைச் சாலையில் யாரோ வண்டியை மறித்து
சான்றிதழ் கேட்டு, கொடுத்ததை நம்பாமல்,
செல்போனில் படம் பிடித்துக்கொண்டே
ஐந்து மணி நேரம் நிற்க வைத்தார்களாம்.
பயம் முதலில் சதையிலுள்ள சர்க்கரையைத் தின்னும்.
பிறகு அந்தச் சதை புளிக்காது, வெளுக்காது.
மீட்டரில் ஆறு புள்ளி நாலு.
சாலையை எழுத இந்தப் படிவத்தில் கட்டமில்லை.
இனம் என்ற இடத்தில்தான் அந்தக் கறுப்பும் போய்ச் சேரும்:
ஜெர்சிக் கலப்பு, நிறம் மோசம்.

ஐந்தரைக்கு மொபெட்டில் வந்தார் வைரக்கண்ணு,
தலைஞாயிற்றுக்காரர், உம்பளச்சேரியை விற்றவர்.
நான் பயந்ததுபோல் அவர் கண் கலங்கவில்லை.
தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.
உயிரெடை இருநூற்றுத் தொண்ணூறு,
கொக்கி எடை நூற்று இருபத்தெட்டு.
"வாலு சேத்தியா, சேக்காமயா?"
"கிட்னிக் கொழுப்ப யார் எடுத்தா?"
"அதுல ஏது கொழுப்பு?" என்றார் கனி.
ரூபாயை இரண்டு முறை எண்ணினார்,
மூன்றாம் முறை மொபெட்டில் உட்கார்ந்தபடி.

கிளம்பும் முன் என் தாளை எட்டிப் பார்த்தார்.
"காலுக்கு எத்தனை மார்க்கு?"
காலுக்கு மார்க் இல்லை என்றேன். சூப்புக்குப் போகும்.
"அப்ப எதுக்குப் போடுறீங்க?
சேத்துல முழங்கால் புதைஞ்சாலும் நிக்காத மாடுங்க அது.
முதுகையா வச்சு உழுதுச்சு?"

வண்டி சத்தம் போய் வெகுநேரம்
பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

நேற்று எழுதினேன்: பத்து வயதுக்கு மேல்,
உழைக்கத் தகுதியற்றது.
அப்படி எழுதினால்தான் இங்கே வரலாம்.
வந்த பிறகு அளக்கிறேன், மென்மை குறைவு, நார் தடிப்பு,
தரம் மூன்று.
பத்து வருடம் நுகத்தடி பிசைந்த கழுத்தை அளந்துவிட்டு
இனத்தின் பெயரால் கையெழுத்துப் போடுகிறேன்.

சூசையம்மா தூக்குவாளியோடு வந்தாள்,
பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சாப்பாட்டுக் கடை.
மூன்றையும் மோந்து பார்த்தாள்.
ஜெர்சியிடம் நிற்கவேயில்லை.
"கழுத்துல ரெண்டு கிலோ குடு, இந்தக் குட்டைக்கால் மாட்டுல.
வேகத்தான் நேரமாவும்.
எறங்குற சாறு வேற எதுலயும் வராது."

உம்பளச்சேரிக் கன்று சிவப்பாகப் பிறந்து
ஆறு மாதத்தில் சாம்பலாகும் என்று
கல்லூரியில் மனப்பாடம் செய்தேன்.
மறுபடி சிவப்பாவதை எந்தப் பக்கத்திலும் படித்ததில்லை.

குறிப்பு என்று ஓர் அங்குல இடம் விட்டிருந்தார்கள்.
"கழுத்து: வேக நேரமாகும்" என்று எழுதினேன்.
அதற்குள் மின்சாரம் போனது.
யாரோ ஐஸுக்கு ஆள் அனுப்பினார்கள்.