அரை பாட்டில்

பத்துமியில் மழைக்கு நேரம் காலம் கிடையாது.
துறைமுகத்துக்குப் போகும் சாலையில்
டயர் கடைக்கும் ரொட்டிச் சூளைக்கும் நடுவே
என் கடை: கார் ஷாம்பூ, மெழுகு, துணி,
கடன் கேட்டு வருபவருக்கு ஒரு நாற்காலி.

மார்ச்சில் ஒரு செவ்வாய்
பத்ரி வந்தான், வண்டியைப் பின்னோக்கி ஓட்டியபடி.
ஜெர்மனியில் இருபது வருடம் உழைத்துவிட்டுக்
கப்பலேறி வந்த நீளக் கறுப்பு.
சவ ஊர்தி.
கடையில் நின்ற இருவர் சிலுவைக்குறி இட்டுக்கொண்டு
எதுவும் வாங்காமல் போய்விட்டார்கள்.

"தண்ணீர் நிற்கக் கூடாது, லம்சீரா.
சொட்டு காய்ந்த இடமெல்லாம் வெள்ளை வட்டம்.
போன வாரம் செத்தவரின் மாப்பிள்ளை கேட்கிறார்,
வண்டிக்கு அம்மை போட்டிருக்கிறதா என்று.
முதலாளி தந்தது நாற்பது லரி."

நாற்பதுக்கு என்ன கிடைக்கும்?
மேல்தட்டில் பூட்டுக்குள் செராமிக் இருக்கிறது, நூற்றெண்பது.
அதற்கு வெயில் ஆகாது, தூசி ஆகாது,
பூசியபின் ஒரு நாள் முழுக்க
வண்டி கொட்டகையை விட்டு நகரக் கூடாது.
"இந்த ஊரில் ஒரு நாள்
யாரும் சாகாமல் இருப்பார்களா?" என்றான்.
நான் சாவியை எடுக்கவில்லை.

வலப்பக்கக் கதவைக் கழுவித் துடைத்து
நீல டேப் ஒட்டி மூன்று கட்டம் பிரித்தேன்.
ஒன்றில் பிரேசில் பனையோலை மெழுகு.
ஒன்றில் தெளிக்கிற சீலன்ட்.
ஒன்றில் எதுவுமில்லை.
வாளியை நிரப்ப வேண்டியிருக்கவில்லை.
துணியை மடிப்பதற்குள் வந்துவிட்டது மழை.

மெழுகின்மேல் நீர் முத்து முத்தாய்த் திரண்டது.
கண்ணை எடுக்க முடியாத அழகு.
அதுதான் அதன் குற்றமும்:
திரண்டது நிற்கும், நின்றது காயும்,
காய்ந்தது மறுபடி வட்டம்.
சீலன்டில் பார்க்க ஒன்றுமில்லை.
கடன்காரனைக் கண்டவன் தெருமுனை திரும்புவதுபோல்
நீர் மொத்தமாய்ச் சரிந்து போனது.
பூசாத கட்டத்தில்
மழை தன் வீடுபோல் உட்கார்ந்திருந்தது.

"அழகில்லாததைக் கொடு" என்றான்.

பெரிய பாட்டில் அறுபத்தெட்டு. பாதி அளவு முப்பத்தாறு.
மிச்ச நாலு லரிக்கு ஒரு மைக்ரோஃபைபர் துணி.

கதவுக்கு ஆறு தெளிப்பு என்று சொல்லியிருந்தேன்.
அவன் கை தாராளம், பத்து அடித்தான்.
பானெட் ஆயிற்று, கூரை ஆயிற்று, இரு பக்கமும் ஆயிற்று,
பின்கதவுக்கு வந்தபோது
பாட்டில் வெறும் காற்றைத் துப்பியது.
"போகட்டும், பின்பக்கத்தை யார் பார்ப்பார்கள்?"
வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.
பத்ரி என்னையே பார்த்தான்.
"எல்லோரும் பின்னால்தான் நடப்பார்கள்."

ஏப்ரலில் மீன் விற்கும் நாஸிப்ரோலாவின் கணவர்.
தூறல். நானும் நடந்தேன்.
துக்கத்துக்குப் போன இடத்தில்
என் கண் பெயின்டிலேயே இருந்தது, வெட்கமாக இருந்தது.
கூரையும் பக்கங்களும் சொன்னபடி கேட்டன,
வந்த நீரை வந்த வழியே அனுப்பின.
பின்கதவு மட்டும்
மூச்சுப் பட்ட கண்ணாடிபோல் மங்கிக் கிடந்தது.

மேட்டில் வண்டி ஒருமுறை நின்றது.
நாஸிப்ரோலா அதன்மேல் கையை வைத்தாள்.
எடுத்தாள்.
ஐந்து விரலும் உள்ளங்கையும்
கறுப்பாய், தெளிவாய், அங்கேயே நின்றன.
பிறகு அவள் தம்பி.
பிறகு கைப்பிடிக்கும் கீழே, யாரோ ஒரு சின்னக் கை.
கல்லறைத் தோட்டத்து வாசல் வரை
அந்தக் கைகளுக்குப் பின்னால் நடந்தோம்.
தூறல் அவற்றை மெல்ல மெல்ல நிரப்பிக்கொண்டிருந்தது.

மே மாதம் பத்ரி மறுபடி வந்தான்.
முதலாளி இம்முறை எழுபது தந்தாராம்.
பெரிய பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தேன்.
ஒரு விரலால் ஓரமாய்த் தள்ளினான்.
"பாதி போதும்."
காரணம் அவன் சொல்லவில்லை.
கேட்டால் விற்றுவிடுவேனோ என்று நானும் கேட்கவில்லை.

மிச்சத்தில் பக்கத்துச் சூளையில் ரொட்டி வாங்கி
சூட்டோடு பிட்டு எனக்கும் ஒரு துண்டு கொடுத்தான்.
வெளியே பின்கதவெல்லாம் வெள்ளை வட்டம்.
டயர் கடை ஸௌரி
வண்டியைப் பார்த்துச் சிலுவைக்குறி இட்டுக்கொண்டு
உள்ளே வந்து
ஷாம்பூ என்ன விலை என்றான்.