இருபத்தேழு

பொம்மைக் கடையில் இருந்ததற்குப் பூனைக்காது.
ரோஸ் நிறம். பத்தொன்பது ஸ்லோட்டிதான்.
பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
எத்தனை டெசிபல் தடுக்கும் என்று எங்கும் எழுதவில்லை.
பாட்டு கேட்க நல்லாயிருக்கும், என்றாள் விற்கிற பெண்.
கேட்க வைப்பதும் கேளாமல் காப்பதும்
ஒரே உருவத்தில் இருந்தால் யார்தான் என்ன செய்வது.

ஆணியும் சிமென்ட்டும் விற்கும் கடையில்,
ரம்பங்களுக்கு அடுத்த தட்டில் கிடைத்தது.
பச்சை. அட்டையில் பெரிதாக இருபத்தேழு.
யாக்னாவின் தலை சின்னது.
பட்டையை முழுக்க உள்ளே தள்ளியும்
காதோரம் என் ஒரு விரல் நுழைந்தது.
"விரல் நுழைந்தால் ஊரே நுழையும்" என்றார்
வாளிகளுக்கு விலை ஒட்டிக்கொண்டிருந்தவர்.
ஒட்டுவதை விட்டுவிட்டு உள்ளே போய்
இன்னும் சின்னதாய் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தார்.
அதற்குள் விரல் போகவில்லை.

ஞாயிறு. மூன்றாம் வளைவு.
சூரியகாந்தி விதை கொறித்துத் துப்பும் கூட்டம்.
நாடா மேலே தெறித்ததும்
பிரேக் இல்லாத நான்கு மோட்டார் சைக்கிள்கள்
செம்மண்ணை எங்கள் மடிவரை வாரி இறைத்தன.
அந்தச் சத்தம் காதுக்கு வருவதில்லை,
நேரே விலா எலும்பில் இறங்குகிறது.
முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை, வெறுங்காது.
அழுகிறது என்பது வாயைப் பார்த்துத்தான் தெரிந்தது.
என் தோளில் ஒரு சால்வை இருந்தது.
கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

யாக்னா பச்சைக் கிண்ணங்களுக்குள் குடியிருந்து
கேரட் கடித்தாள்.
"அம்மா, என் பல் சத்தம்தான் பெருசா கேக்குது!"
என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினாள்.

அவள் அப்பா கீழே, எஞ்சின்கள் நடுவே.
பத்தொன்பது வருஷம், வெறுங்காது.
மூடிக்கொண்டால் எஞ்சின் சொல்வது புரியாதாம்.
இப்போது அது ராத்திரியிலும் சொல்கிறது,
கொய்ய்ய் என்று,
சொல்வது மட்டும் எதுவும் புரியவில்லை.
டாக்டர் கையை விரித்துவிட்டார்.
இரண்டு நிலையங்களுக்கு நடுவே ரேடியோவைத் திருப்பி,
அந்த இரைச்சலைத் தலைமாட்டில் வைத்துத்
தூங்குகிறான் லெஷெக்.

அன்றிரவு வந்து நின்றாள், இரவுடுப்பில்.
பச்சையை அவன் தலையில் மாட்டப் பார்த்தாள்.
எட்டவில்லை. பட்டையைக் கடைசிவரை இழுத்தாள்,
ரேடியோவை அணைத்தாள்.
"இப்ப நின்னுடுச்சா?"

வெளியே மூடினால்
உள்ளே அது இன்னும் ஓங்கும்.
ஒருமுறை பனி கொட்டிய ராத்திரி
அவனே சொன்னது: அமைதிதான் மோசம்.

இரண்டு கிண்ணங்களையும் கையால் அழுத்திக்கொண்டு
கண்ணை மூடினான்.
"ம்" என்றான்.
அவள் கதவு சாத்தும் சத்தம் வரும்வரை
எடுக்கவில்லை. அந்தச் சத்தம்
அவனுக்குக் கேட்டிருக்காது. நான்தான்
தோளைத் தொட்டுச் சொன்னேன்.

காலையில் பட்டையைக் குறுக்கத் தெரியாமல்
என்னிடம் கொண்டுவந்தாள்.
டக், டக், டக் என்று உள்ளே தள்ளினேன்.
மாட்டிவிட்டு,
காதோரம் விரல் வைத்துப் பார்த்தேன்.