ஆர்.சி. புத்தகத்தில் இல்லாதவை

வாங்கியபோது கூரை மூடவில்லை.
"மூடத்தான் மூடாது, மத்தபடி தங்கம்" என்றான்
வெலிங்டன் மேஜரின் மருமகன்.
ஐப்பசி.
குன்னூரில் எதையும் மூடிவைக்க வேண்டிய மாதம்.
எடுத்த சீட்டு ஒன்றரை லட்சத்தை
பால் கவருக்குள் சுருட்டிக் கொடுத்தேன்.

கோவாவில் வார்த்த ஃபைபர் உடம்பு.
தட்டினால் பிளாஸ்டிக் குடத்துச் சத்தம்.
இரண்டே இருக்கை:
ஒன்றில் நான், மற்றதில் விரித்த குடை.
பெட்ஃபோர்டு ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கி நின்றபோது
பின்னால் வந்த கோத்தகிரி பஸ்ஸில்
இடம் கிடைத்தவர்களும் எழுந்து நின்று பார்த்தார்கள்.

மறுநாள் ஏல அலுவலகத்தில்
டஸ்ட் இத்தனை மூட்டை, பி.ஓ.பி. இத்தனை மூட்டை என்று
நான் பதிந்துகொண்டிருக்கையில்
"நாப்பத்தாறு வயசுல…" என்று ஒருவர் தொடங்கினார்.
அந்த வாக்கியத்தை இதுவரை யாரும் முடிக்கவில்லை.

முதலில் கூரை.
கொழுந்தெடுப்பவர்கள் இடுப்பில் சுற்றும் படங்கைத் தைக்கிற ஹமீதா
டேப்பை வீசி வண்டியை அளந்தாள்
ஜாக்கெட்டுக்கு அளப்பதுபோலவே.
"தோள் கொஞ்சம் இறக்கம்" என்றாள்.
ஊசி மூன்று முறிந்தது.
அவள் போட்ட கூரையில் தூறல் விழுந்தால்
உள்ளே அப்பளம் பொரியும்.

பிறகு பிரேக்.
பிரேக் பிடித்தால் இடப்பக்கம் இழுக்கிறதே என்று
முன்சக்கரத்து வேலை.
அருவங்காட்டு ஃபெலிக்ஸ் வண்டிக்கடியில் படுத்தபடிதான் பேசுவான்.
அவன் முகத்தைவிட செருப்பை எனக்கு நன்றாகத் தெரியும்.
"ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு கேக்கும்க்கா."
கேட்டது.
போனஸைக் கேட்டது, சைலன்சராக.
எடுக்காத விடுப்பை விற்ற காசை
நான்கு டயராகக் கேட்டது.
மாருதி எண்ணூறின் இருக்கையைக் கால் அறுத்துப் போட்டோம்,
என் முழங்காலுக்குத் தோதாக.
மேட்டுப்பாளையம் பழைய இரும்புக் கடையில் கிடைத்த ஸ்டீயரிங்கில்
எவனோ ஒருவனின் கம்பெனிச் சின்னம் இருந்தது.
நெம்பி எடுத்துவிட்டு
பச்சைக் கோட்டுப் பொத்தான் ஒன்றை ஒட்டினேன்.
வெள்ளை எனக்கு எப்போதுமே பிடிக்காது.
கத்தரிப்பூ நிறம் அடித்தோம்.

நடுவில் எட்டு மாதம் அது ஓடவில்லை.
செங்கல்மேல் நின்றது.
பக்கத்து இருக்கையில் பூனை மூன்று குட்டி போட்டது.
அந்த எட்டு மாதத்தைப் பற்றி
வேறொன்றும் சொல்வதற்கில்லை.

திறந்த வண்டியில் போனால்தான்
மலை துண்டு துண்டாக வருவது தெரியும்.
யூகலிப்டஸ் ஒரு திருப்பம்.
தேயிலை வாட்டும் பச்சை நெடி ஒரு திருப்பம்.
கேத்தியில் கேரட் கழுவும் மண்வாடை.
நடுநடுவே
லாரிக்குப் பின்னால் மாட்டி முழுங்கும் டீசல்.
மூடுபனி கேட்காமல் ஏறி
காலடியில் உட்கார்ந்துகொள்ளும்.

பர்லியாறு சோதனைச்சாவடியில்
பலாப்பழ வாசனைக்குள் கைகாட்டி நிறுத்தினார்கள்.
எஸ்.ஐ. ஆர்.சி.யைப் பிரித்து
ஒரு வரி படிப்பதும் வண்டியை ஒரு சுற்று சுற்றுவதுமாக இருந்தார்.
நிறம்: வெள்ளை.
கத்தரிப்பூவைத் தொட்டுப் பார்த்தார், ஈரமோ என்பதுபோல.
"இதுல போட்டிருக்கிற வண்டி எங்கம்மா?"

பானெட்டைத் தூக்கி
முந்தானையால் கிரீஸைத் துடைத்து
என்ஜின் எண்ணைக் காட்டினேன்.
இலக்கம் இலக்கமாகச் சரிபார்த்தார்.
பிறகு லைசென்ஸ்.
அதில் இரட்டைச் சடை.
அதில் க/பெ என்று போட்டு ஒரு பெயர்.
படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மறுபடி படத்தை.
என்னிடம் துடைத்துக் காட்ட எண் எதுவும் இல்லை.

அபராதம் எழுதினார்.
ரசீதின் மேல் சொட்டு விழுந்து மை பரவியது.
அப்போதுதான் அண்ணாந்தார்.
"கூரை மூடுமா?"
"நல்லா மூடும் சார்."
"பின்ன எதுக்கு நனையறீங்க?"

ரசீதை மடித்து வைத்துக்கொண்டு
முதல் கியரில் கிளம்பினேன்.
பக்கத்து இருக்கையில் குடை,
மடங்கியபடி,
சீட் பெல்ட் போட்டுக்கொண்டு.