மீந்த அரை

ஏழரை எண்ணிக்கையில்தான் எழுதுவான் கெதின்.
அந்த அரையில் என் குச்சி இடறும்,
அவன் சிரிப்பான்.
இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு.
ராட்டர்டாம் மேடையில் வெள்ளி அங்கி,
மூன்றடுக்கு கீபோர்டுக்குப் பின்னால்
தனக்குத் தானே கோயில் கட்டிக்கொண்டவன்.

பிறகு ஒரு பிப்ரவரி. பிரேமன் விடுதியின்
குளியல்தொட்டியில் மூன்று மணி நேரம் கிடந்தான்.
"யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்" என்றான்.
மாத்திரை என்றேன் நான்.
வேன் கடனை என் தலையில் கட்டிவிட்டுப் போனான்.
பத்தொன்பது வருடம் பேச்சில்லை.

நேற்று ரோண்டாவில் மழை.
சிற்றாலயத்தின் கடைசி பெஞ்சில்
ஈரக் கோட்டோடு உட்கார்ந்தேன்,
பக்தியால் அல்ல, பணம் கேட்க.
பதினோரு பேர், கீச்சிடும் ஓர் ஆர்மோனியம்,
குழந்தைகூடத் தட்டிவிடும் நாலு எண்ணிக்கை.
நானும் தொடையில் தட்டினேன்.

இரண்டாம் வரி முடிவில் இடறினேன்.
அதே அரை.

முன்வரிசையில்
சுரங்கத் தூசி தின்ற நுரையீரலோடு இட்வல்
மூச்சை இழுத்து முடிக்கும்வரை
கடைசிச் சுரத்தை விடாமல் பிடித்திருந்தான் கெதின்.
பிறகுதான் மூன்றாம் வரி.

கடன் பற்றி இன்னும் கேட்கவில்லை.
கேட்பேன்.